உப்புநீரில் உடையாத குருதி கண்டவருக்கு

கொட்டாஞ்சேனை கருணாலய தரும வைத்தியசாலையின் குருதிப் பரிசோதனைக் கூடத் தலைவராய் விளங்கி, 1947ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஓய்வுபெறும் வைத்திய கலாநிதி யோகநாதன் அவர்களுக்கு உடன் ஊழியர் உவந்து வாசித்தளிப்பது

குருதியின் குணமறிந்த கோமானே! பிழை கண்டாற் பொங்கிப் பிள்ளை கண்டால் இளகும் பெருந்தகையே!

வணக்கம். இருபத்தேழு ஆண்டுகளாக எமக்கு ஏச்சையும் தேநீரையும் குறைவின்றி வழங்கி வந்தீர்கள். இரண்டுமில்லாமல் நாளை முதல் எப்படி வேலை செய்வதென்று எமக்குத் தெரியவில்லை. தங்கள் சேவை முழுவதையும் சொல்ல இம்மடல் காணாது. ஆகையால் இம்மண்டபத்திலுள்ளோர் கேட்க ஆவலாயிருக்கும் ஒன்றையே உரைக்கிறோம்.

புடவை வியாபாரி இப்றாஹிம் அவர்களின் மகள் பலீலா, வெளிறிய முகமும் வீங்கிய வயிறுமாய் இங்கு வந்தாள். குருதி குறைந்த பிள்ளையென்றால் பூச்சிமருந்து கொடுப்பதே கொழும்பு வழக்கம். அவளும் பூச்சிமருந்தும் இரும்பு மருந்தும் போத்தல் போத்தலாய்க் குடித்திருந்தாள், ஒரு சுகமுமில்லை. வீட்டிலோ பழியெல்லாம் தாய் மர்லியாவின் தலையில். மாமியாரோ, மர்லியா தம் சொந்தத் தம்பி மகளாயிருந்தும், அவளுடைய தாய்வழிக் குறையே பிள்ளைக்கு வந்ததென்று சொல்லி, அவளை விட்டுவிடும்படி மகனை நெருக்கிக்கொண்டிருந்தார்.

தாங்களோ பிள்ளையோடு தாய் தந்தை இருவர் கையிலும் குருதி எடுத்தீர்கள். மற்றவர் குருதியணுக்கள் உடைந்து சிவக்கும் மெல்லிய உப்புநீரில் இம்மூவரின் அணுக்களும் உடையாமல் அடியிற் படிந்து கிடந்தன. “உப்பைக் கூட்டிப் போட்டியோ, கிளறன்ஸ்?” என்று எங்கள் பரிசோதகரை ஏசிவிட்டுத் தங்கள் கையிலேயே ஊசி குத்தி அதே நீரில் விட்டுப் பார்த்தீர்கள். நீர் பளிச்சென்று சிவந்தது. அடடா, அன்று தாங்கள் ஒற்றைச் சப்பாத்தோடு விறாந்தையில் ஓடிவந்த அழகென்ன! கிளறன்சைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டீர்கள். தாயிடமும் தந்தையிடமும் வெளித்தெரியாமல் இருக்கும் குறை, இருவரிடமிருந்தும் ஒருங்கே வரும்போது பிள்ளையில் நோயாகிறதென்று எமக்கு மூச்சுவிடாமல் விளக்கினீர்கள்.

உப்புநீர்க் குழாய்களைக் கண்ட இப்றாஹிம் உடனே எழுந்து போனார். மர்லியாவின் வாழ்வு முடிந்ததென்றே நாம் அஞ்சினோம். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் தம் தாயாரை அழைத்து வந்தார். “என்ட கைல திரும்ப எடுங்க டொக்டர், உம்மா கண்ணால பாக்கட்டும்” என்றார். மகனின் குருதி உடையாமல் நின்றதைத் தாயார் குனிந்து பார்த்தார். பிறகு காப்பை மேலேற்றித் தம் கையை நீட்டினார்: “அப்ப எனக்கும் எடுங்க.”

அவருடையதும் உடையவில்லை. அவர் மர்லியாவின் மடியிலிருந்த பிள்ளையைத் தம் மடிக்கு வாங்கிக்கொண்டு அருகே அமர்ந்தார்.

பலீலாவின் நோய் தீர்ந்ததென்று பொய்யுரைக்க மாட்டோம். மாதந்தோறும் குருதி ஏற்ற வருகிறாள். இனியும் வருவாள், நாம் பார்த்துக்கொள்வோம், தாங்கள் கவலையுற வேண்டாம்.

வெள்ளவத்தைக் கடற்காற்றில் உடல்நலம் ஓங்கி, உறக்கம் நன்கு வாய்த்து, பேரன்பு சூழப் பல்லாண்டு இனிதிருக்க எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். விருந்தில் வட்டிலப்ப இனிப்பைத் தொடாமற் போய்விடாதீர்கள். மர்லியாவும் மாமியாரும் இன்று காலை ஒரே குசினியில் நின்று செய்தது அது.

தங்களை என்றும் மறவாத
கருணாலய தரும வைத்தியசாலை ஊழியர்