சந்துக்குள் நின்ற கார்

எங்கள் சந்தில் கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், ஐயா. செம்மேட்டில் அந்தக் காலத்தில் காருக்கு இடம் விட்டு யாரும் வீடு கட்டவில்லை. அதனால் மெயின் ரோட்டோரம்தான் நிறுத்துவேன். போன வருடம் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் போலீஸ் கிரேன் வந்து என் காரைத் தூக்கிக்கொண்டு போனது. பின் பம்பர் பிய்ந்து தொங்கியது. ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் வாசலில் நின்றுதான் மீட்டேன்.

இந்த வருடம் திருவிழா அன்று காலையிலேயே காரைச் சந்துக்குள் ஏற்றிவிட்டேன். அங்கே கிரேன் வராது. கார் நின்றால் வேறு எந்த வண்டியும் போக முடியாது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் பாவாயி அக்கா ஓடிவந்தார். சந்தின் கடைசியில், அரை கிலோமீட்டர் மேட்டில் அவர் வீடு. கணவர் வெள்ளியங்கிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். வந்த ஆம்புலன்ஸ் என் காருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது.

"கதிர்வேலு, காரக் கொஞ்சம் எடு சாமி. ஆம்புலன்சு மேல வரோணும்."

எடுத்தால் மெயின் ரோட்டில்தான் நிறுத்த வேண்டும். அங்கே கிரேன் நின்றது. காலையிலிருந்து நாலு காரைத் தூக்கியிருந்தார்கள்.

"சாவி எம் மச்சாங்கிட்ட இருக்குதுங்கக்கா. அவன் சோளக்காட்டுக்குப் போயிட்டான்" என்றேன்.

அக்கா நம்பினார். நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை.

நாலு பேர் கட்டிலோடு தூக்கினோம். கட்டிலின் ஒரு கால் என் தோளில். மழையில் சிமெண்ட் பாதை சறுக்கியது. இரண்டு முறை இறக்கி வைத்தோம். வெள்ளியங்கிரி அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கார் பக்கம் வந்ததும் கட்டிலைச் சாய்க்க வேண்டியிருந்தது. "பாத்துத் தூக்குங்க, கண்ணாடியில பட்டுறப் போவுது" என்றேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் உயிர் போய்விட்டது. இன்னும் கால் மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார்.

நேற்று கருமாதி. அக்கா எனக்குத்தான் முதலில் இலை போட்டார். "நீ தோள் குடுத்தியே சாமி, அத நான் மறக்க மாட்டேன்" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவர் போன நாளிலிருந்து தூக்கம் இல்லை. யாராவது ஒருவர் என்னைத் திட்டினால் போதும் என்றிருந்தது. திட்டுவதற்கு யாருக்கும் விஷயம் தெரியாது. அதனால்தான் நானே வந்தேன்.

சாவி எங்கும் போகவில்லை, ஐயா. கட்டிலைத் தூக்கியபோது என் சட்டைப் பையில்தான் இருந்தது. காரை எடுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். அது தெரிந்தேதான் எடுக்கவில்லை.

எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. காரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், இதோ சாவி, யாராவது ஓட்டிக்கொண்டு வரட்டும். கிரேனை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.