வாளில் படிந்த நிழல்

வாளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவதில்லை. எச்சில் தெறித்தால் இரும்பில் துரு ஏறிவிடும். அதனால் எங்கள் வாள் சங்கத்துக் கூட்டங்கள் மிக அமைதியானவை. சண்டை சச்சரவு இல்லாத சங்கம் கனாசாவா நகரத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், ஐயா.

நீங்கள் அடுப்பைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

வாளைச் செய்தவன் தன் பெயரை அதன் அடிப்பகுதியில், கைப்பிடிக்குள் மறையும் இடத்தில் வெட்டி வைப்பான். கூட்டத்தில் அந்த இடத்தைத் துணியால் சுற்றிவிடுவோம். வளைவையும், இரும்பின் ஓட்டத்தையும், கூர்ப்பக்கத்து வெண்மையையும் மட்டும் பார்த்து, எந்தக் காலம், எந்த ஊர், யார் கை என்று சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ‘ஆம்’ என்பார், அல்லது ‘இல்லை’ என்பார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. என் நண்பன் இஸுருகிக்கு முதல் சீட்டே போதும்.

“உனக்கு இருக்கறது கண்ணாப்பா, எக்ஸ்ரே மெஷினா?” என்று சங்கத்துப் பல் டாக்டர் ஹோஷிபா அவனைக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வயிறு எரியும். என் மனைவி ஃபுமியேகூட நான் எந்த வாளை வாங்கி வந்தாலும், “இஸுருகி அண்ணன் பாத்துட்டாரா?” என்றுதான் முதலில் கேட்பாள். அவன் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

போன இலையுதிர் காலத்தில் நான் நடுவர். என் சொந்த வாளையே வைத்தேன். துணிக்குள் இருந்த பெயர் பிஸென் நாட்டுக் கொல்லன் ஒருவனுடையது, எழுநூறு வருடப் பழசு. இஸுருகி எழுதித் தந்ததோ ஓசாகாக் கொல்லன் ஒருவன் பெயர். அவன் பல தலைமுறை பிந்தியவன். ‘இல்லை’ என்றேன். இரண்டாவது சீட்டிலும் அதே பெயர். மூன்றாவதிலும் அதே பெயர்.

உங்களுக்கு இது வெறும் பிடிவாதமாகத் தெரியும். எங்களுக்குள் அதன் அர்த்தம் வேறு. வாள் பொய் சொல்லவில்லை, துணிக்குள் இருக்கும் பெயர்தான் பொய் என்று வாய் திறக்காமல் சொல்லும் வழி அது. கடைசியில் சீட்டுகளை நடுவர்தான் உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் அவனே போன் செய்தான்.

“தோகாஷி, அன்னைக்கு விளக்கு வெளிச்சத்துல பாத்தது மனசை உறுத்திக்கிட்டே இருக்குப்பா. வாளை எடுத்துக்கிட்டு வா. பகல்ல ஒரு தடவை பாத்துடறேன்.”

கொண்டுபோனேன். அவன் தோட்டத்து மூலையில் ஒரு சின்ன அறை. ஒரு தள்ளுகதவு, மரக்கம்பி போட்ட ஒரு ஜன்னல். வெளியே முழங்காலளவு பனி கிடந்தது. அந்த வெளிச்சத்தில் வாளைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, பாயில் கையூன்றி என்னை வணங்கினான்.

“தோத்துட்டேன், மன்னிச்சிடு. பேரு உண்மைதான். அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாலயும் நானே சொல்லிடறேன்.”

சந்தோஷப்பட்டேன், மறுக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

“நிழல் இருக்கேப்பா. கண்ணாடியில மூச்சு விட்டா படியுமே, அந்த மாதிரி உடம்பு நெடுக ஓடுது பாரு. அந்தக் காலத்து பிஸென் கை அது. இருபது வருஷமா வச்சிருக்கே, உனக்குத் தெரியாததா?”

வாங்கிப் பார்த்தேன். திருப்பினேன், சாய்த்தேன். வெறும் இரும்பாகத்தான் இருந்தது. “ஆமா, இங்கதானே” என்று ஓர் இடத்தைக் காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தான். “அது இரும்புல ஜன்னலு தெரியுதுப்பா. விடு, நம்ம வயசுக்கு அப்படித்தான்.”

அவன் ஏளனம் செய்யவில்லை. என்னைத் தேற்றினான். நான் தினமும் துடைத்து எண்ணெய் பூசிய வாள், என்னிடம் ஒரு நாளும் காட்டாததை ஒரே பகலில் அவனிடம் காட்டியிருந்தது. உங்கள் மனைவியைப் பற்றி இப்படித் தெரியவந்தால் உங்களுக்கும் பொறுக்காது.

தீப்பட்ட வாள் செத்த வாள். கூர்ப்பக்கத்து வெண்மை அழிந்துவிடும், நிழலும் அழிந்துவிடும். இது எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வாளை ஆசையோடு வாங்கிக்கொண்டு அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். குளிருக்கு மூட்டியிருந்த மண்ணெண்ணெய் அடுப்பு என் காலருகே இருந்தது. தவறி இடித்துக் கவிழ்த்துவிட்டேன் என்று முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். தவறி அல்ல. வெளியே வந்து கதவை இழுத்து மூடி, அது நகராதபடி பனி அள்ளும் பலகையின் காம்பைக் கதவுத் தடத்தில் படுக்க வைத்தேன். பாய் சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.

கொஞ்சநேரம் கதவைத் தட்டினான். பிறகு ஜன்னலுக்கு வந்தான்.

“கதவு வரமாட்டேங்குது தோகாஷி. முதல்ல வாளைப் பிடி, வாளைப் பிடி.”

கம்பிகளுக்கு நடுவே ஆள் வர முடியாது, வாள் வரும். கைப்பிடி என் பக்கமும் கூர் தன் பக்கமுமாக நீட்டினான். வாளைக் கைமாற்றும்போது நாங்கள் காட்டும் மரியாதை அது. புகையில் இருமிக்கொண்டும் அதை அவன் மறக்கவில்லை. கைப்பிடியைப் பற்றி உள்ளே தள்ளினேன். மறுபடி நீட்டினான். மறுபடியும் தள்ளினேன், இம்முறை சற்று பலமாக. அதன் பிறகு நீட்டவில்லை.

நேற்று உங்கள் ஆட்கள் அந்த வாளைக் காட்டினார்கள். கன்னங்கரேலென்று கிடக்கிறது. ஹோஷிபாவும் பார்த்தாராம், காலம், ஊர் எதுவும் சொல்ல முடியவில்லையாம். இஸுருகியை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனால் வாள் விஷயத்தில் நான் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை, ஐயா. அதில் எனக்குத் தெரிவதுதான் இனி எல்லோருக்கும் தெரியும்.