ஒட்டுக்கேட்கும் மேடம் விட்டுச்சென்ற கேள்விகள்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மேடத்தின் கணவரே, மகளே, வகுப்பை விட்டு ஓடிவந்திருக்கும் மாணவச் செல்வங்களே! கனத்த நெஞ்சோடு வணக்கம்.

பேராசிரியர், உளவியல் துறைத் தலைவர் என்று மாலை போட்ட மேடத்தின் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒட்டுக்கேட்கும் மேடம்'. ஏன் தெரியுமா?

மனச்சோர்வில் விழக்கூடிய சுபாவம் எந்த மாணவரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் அதற்குக் கணக்குப் போட்ட புள்ளியியல்காரன். முதல் படிவத்தில், 'தன்னை இகழும் மனப்பாங்கு உமக்கு உண்டா?' என்று கேட்டோம். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்! மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேன்டீனில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் தங்களைத் தாங்களே எப்படித் திட்டிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார். "எல்லாம் என்னாலதான்", "நான் எதுக்கும் லாயக்கில்ல" - அவையே கேள்விகளாயின. அதன்பிறகுதான் உண்மையான பதில்கள் வந்தன.

தன்னையே குறைசொல்லும் குணத்தில் மிக உயர்ந்த எண் யாருக்கு வந்தது? கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்கும் மாணவனுக்கு! "கணக்கு எங்கயோ தப்பு மேடம்" என்றேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு விடுதிக்கே போனார்.

"எனக்கென்ன மேடம், நல்லாத்தான் இருக்கேன். என் மார்க்கைப் பாக்கலையா?"

"பாத்தேன்ப்பா. அதான் வந்தேன். தூங்குறியா?"

அவன் உடைந்துபோனான். "தொண்ணூத்தெட்டு வாங்கினேன் மேடம். அந்த ரெண்டு எப்படிப் போச்சுன்னு நெனச்சா தூக்கமே வரல."

படிப்பு முடியும்வரை அவனை மேடம் விடவில்லை. அந்த மாணவர் இன்று இங்கே வந்திருக்கிறார். இதைச் சொல்லும்படி கேட்டதும் அவரேதான்.

விஷயம் நிர்வாகத்தின் காதுக்குப் போனது. "சேர வர்றவங்ககிட்டயே இந்தக் கேள்விகளக் கேட்டு லிஸ்ட்டைக் குடுங்க. இந்த மாதிரிப் பசங்கள அட்மிஷன்லயே கழிச்சிடலாம்" என்றார்கள்.

"மழையில நனையிற புள்ளைக்குக் குடை குடுப்பீங்களா, கேட்டைப் பூட்டுவீங்களா?" என்று கேட்டார் மேடம். கொடுக்க மறுத்தார். அவர் அறையை ஜெனரேட்டருக்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்த இரைச்சலிலும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்! கடைசியில் நிர்வாகமே இறங்கிவந்து இரண்டு ஆலோசகர்களை நியமித்தது.

புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் வேலையையும் கொண்டுபோக விடுவோமா?

முதல்வர் அவர்களே, லிஸ்ட் கேட்கும் பழைய பேச்சு மறுபடி கிளம்புவதாகக் கேள்வி. அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த எண்களில் ஒன்றுகூட எங்கள் துறையின் வாசலைத் தாண்டாது. என் அறையையும் எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்!

திங்கட்கிழமை மேடத்தின் கேள்விகளை முதலாண்டுப் பிள்ளைகளிடம் கேட்கத் தொடங்குகிறோம். எண் உயர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்ப்போம். நான் ஒருவன் போதாது. கூட வருகிறவர்கள் யார் யார்? கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்!