பத்துமலையாருக்குப் பெயர் போட்டு எழுதிய மடல்

ஈப்போ, 27 டிசம்பர் 1986
பணி ஓய்வு விழாவில் வாசித்தளிக்கப்பட்டது

ஈப்போ நகரத்துத் தெருக்களை எல்லாம் காலால் அளந்தவரே! தேளும் பூரானும் குடியிருந்த இரும்பு மூடிகளைத் தினம் தினம் திறந்து, உள்ளே ஓடிய எண்களை ஒன்றும் பிசகாமல் ஏட்டில் ஏற்றியவரே! கடிக்க வந்த நாயையும் கத்த வந்த வீட்டுக்காரரையும் ஒரே புன்னகையால் அடக்கியவரே! "கொஞ்சம் குறைச்சு எழுதுங்கலா" என்று நீட்டப்பட்ட காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளதை உள்ளபடியே எழுதிச் சென்ற உத்தமரே! வெயிலில் வாடாமல், மழையில் ஒதுங்காமல், முப்பத்து நான்கு ஆண்டுகள் நம் குடிநீர் அலுவலகத்தின் மீட்டர் வாசிப்பாளராய் விளங்கி, இன்று விடைபெறும் எங்கள் அண்ணன், திருமிகு மா. பத்துமலை அவர்களே! வணக்கம்.

அண்ணே! பாராட்டு மடல் என்றால் "தாங்கள், தாங்கள்" என்று தலையில் ஐஸ் வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் போன வாரமே நீங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என் மூஞ்சிக்கு நேரா புகழாதீங்க. எழுந்து போயிருவேன்லா" என்று மிரட்டிவிட்டீர்கள். சொன்னால் செய்யக்கூடிய ஆள் என்பது எங்களுக்குத் தெரியாதா? ஆகவே உங்களை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். நீங்கள் உங்கள் பாட்டுக்கு வடையைச் சாப்பிடுங்கள்.

சபையோரே! பத்துமலையாரின் பணிக்கோப்பு எங்கள் முன் இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுக் கோப்பு. தாமதமாக வந்த நாள் ஒன்றில்லை. அவர் எழுதிய கணக்கில் பிழை என்று வந்த புகார்கள் பதினொன்று. பதினொன்றிலும் பிழை புகார் சொன்னவருடையது. ஆனால் 1977-ஆம் ஆண்டுப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி உண்டு. "அரசு ஊழியராக இருந்தும் உள்ளூர் அரசியலில் ஈடுபட்டார். எச்சரிக்கப்பட்டார்." அந்த ஒற்றை வரியால் அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய இன்ஸ்பெக்டர் பதவி தைப்பிங்கிலிருந்து வந்த வேறொருவருக்குப் போயிற்று. பிறகு வரவே இல்லை. மீட்டர் வாசிப்பாளராக நுழைந்தவர் மீட்டர் வாசிப்பாளராகவே இன்று வெளியேறுகிறார். அந்த வரியோடு அவரை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அது எப்படி அங்கே ஏறியது என்பதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

சிம்பாங் பூலாய் போகும் வழியில் உள்ள ஏழாங்கட்டை ரப்பர் தோட்டம்தான் பத்துமலையார் பிறந்த இடம். தோட்டம் கைமாறித் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, ஆபீஸ் மூடியது. தண்ணீர் இறைத்த இஞ்சினையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆட்களை மட்டும் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. தொண்ணூறு குடும்பங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே தங்கின. அரை மைலுக்கு அப்பால் சீனர் ஒருவரின் காய்கறித் தோட்டத்துக் கிணறுதான் கதி. காண்டாக் கம்பின் இரு முனையிலும் பழைய பால் வாளிகளைத் தொங்கவிட்டுப் பெண்கள் காலையில் மூன்று நடை, மாலையில் மூன்று நடை சுமந்தார்கள். செல்லாயி அம்மாள் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் வலது தோளில் காய்த்த காப்பு இன்னும் மறையவில்லை.

தண்ணீருக்குத்தான் அங்கே பஞ்சம். தலைவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மேட்டு லயத்தில் ஒரு கிளை, தலைவர் உடையப்பன். பள்ளத்து லயத்தில் ஒரு கிளை, தலைவர் அப்பாவு. இரண்டும் ஒரே கட்சி! வந்த விருந்தாளிக்கு யார் முதலில் மாலை போடுவது என்று தகராறு வந்து, கிளை இரண்டாக உடைந்தது. அன்று முதல் மேட்டில் கல்யாணம் என்றால் பள்ளத்தில் அடுப்பு எரியும். யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஏழாங்கட்டையில் கூத்தாடியும் இல்லை, திண்டாட்டம்தான்.

இந்த நிலையில், 1977-இல், ஏழாங்கட்டைக்கு ஒரே ஒரு பொதுக் குழாய் அனுமதியானது. குழாய் எங்கே நிற்க வேண்டும் என்று ஊரார் பதினைந்து நாளுக்குள் ஒருமனதாக எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் குழாய் வேறு ஊருக்குப் போய்விடும். ஒருமனது! ஏழாங்கட்டையில்! குழாயடியில் கூட்டம் கூடும், கூட்டம் கூடும் இடத்தில் ஓட்டுக் கூடும் என்பது தெரியாத தலைவர் உண்டா? உடையப்பன் தம் வாசலைக் காட்டினார். அப்பாவு தம் வாசலைக் காட்டினார்.

பத்துமலையார் அப்போது ஈப்போவில் அரசாங்க வீட்டில் குடியிருந்தார். அவர் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். "நமக்கென்ன" என்று இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிறுதோறும் சைக்கிளை மிதித்து ஏழாங்கட்டைக்குப் போய், ஊர் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வேலைகளில் கால்வாய் வெட்டவும் கூரை மாற்றவும் கைகொடுப்பது அவர் வழக்கம். அனுமதி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பையும் உட்கார வைத்துக் கூட்டம் போட்டார். மூன்று மணி நேரம் நடந்தது. தேநீர் ஆறியது, கோபம் ஆறவில்லை. கடைசியில் உடையப்பன் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கே பத்துமலையார் ஒரு டின் சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்றார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றிலிருந்து வாளி சுமந்து வரும் பெண்களின் பின்னாலேயே நடந்தார். யார் எங்கே வாளியை இறக்கி மூச்சு வாங்கினாலும், அங்கே ஒரு பிடி தூளைப் போட்டார்.

"என்னாலா பண்றீங்க அண்ணே? கோலமா?" என்று செல்லாயி சிரித்தார்.

"நீ பாட்டுக்கு நட தங்கச்சி. நான் மீட்டர் படிக்கிறேன்."

பத்து மணிக்குள் முப்பத்தொரு பெண்கள் நடந்து முடித்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில பிடிகள் போக, மற்றதெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து தரையே வெள்ளையாய்க் கிடந்தது. பாதை மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகப் பிரிகிறதே, அந்த முச்சந்தி. இடிந்த பால் கொட்டகைக்கு எதிரே. மேட்டுக்காரியும் அங்கேதான் இறக்கினாள். பள்ளத்துக்காரியும் அங்கேதான் இறக்கினாள். பல வருஷமாய் இருவரும் ஒரே இடத்தில்தான் இளைப்பாறி இருக்கிறார்கள். இரண்டு தலைவர்களுக்கும்தான் அது தெரியவில்லை.

உடையப்பன் வந்து பார்த்தார். "இது யாரு வாசலும் இல்லையேலா!"

"அதுக்குத்தான் அண்ணே இங்க," என்றார் பத்துமலையார்.

அப்பாவு வாயைத் திறப்பதற்குள் செல்லாயி வாளியைக் கீழே வைத்தார். "எங்க தோளு சொல்லிருச்சு. இனிமே நீங்க ரெண்டு பேரும் என்னா சொல்லப் போறீங்க?"

தலைவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முச்சந்திவரை குழாய் போக இருநூறு அடி கூடுதலாகத் தோண்ட வேண்டியிருந்தது. அதை ஊரார் பொறுப்பில் விட்டார்கள். மேட்டு லயம் ஒரு முனையிலிருந்தும் பள்ளத்து லயம் மறுமுனையிலிருந்தும் தோண்டத் தொடங்கின. யார் அதிகம் தோண்டுவது என்று அதிலும் போட்டி! அந்தப் போட்டியால் இரண்டு ஞாயிறு வேலை ஒரே ஞாயிற்றில் முடிந்தது. நடுவில் மண்வெட்டியும் மண்வெட்டியும் மோதியபோது இரு பக்கமும் சிரித்ததை நாங்கள் கேட்கவில்லை, கேட்டவர்கள் சொன்னார்கள். குழாய் திறந்த அன்று மேடை இல்லை, மாலை இல்லை. முதலில் செம்மண் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது.

சபையோரே! இதுதான் பத்துமலையார் செய்த அரசியல்.

ஆனால் அன்று தோற்றுப்போனதாக நினைத்தவர் ஒருவர் உண்டு, உடையப்பன். இப்போது முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கிறார். "எம்பேரையும் சொல்லிருங்கலா, மறைக்காதீங்க" என்று அவரே கேட்டுக்கொண்டதால் சொல்கிறோம். அவர், பத்துமலையார் கட்சிக் கூட்டம் போட்டார் என்று ஒரு காகிதத்தில் கோபத்தை எல்லாம் எழுதிக்கொண்டு, மதிய உணவு வேளையில் நம் அலுவலகத்துக்கு வந்து, தமக்குத் தெரிந்த எழுத்தரான ஒரு கிராணியிடம் நீட்டினார். "மலாயில மாத்தி டைப் அடிச்சுக் குடுங்க. பேரு வேணாம்."

அந்தக் கிராணியின் பெயர் இம்மடலின் அடியில் இருக்கிறது, பொறுத்திருங்கள். படித்தவர், யாழ்ப்பாணத்து நல்ல குடும்பம், பத்துமலையாரோடு அவருக்கு ஒரு பகையும் கிடையாது. ஆனால் ஒரு முள் இருந்தது. அலுவலக முகப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் மேசையில் அமர்ந்திருக்கும் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பத்துமலை அண்ணன் இருக்காரா?" என்று கேட்பார்கள். இருபது வருஷம் மேசையில் இருந்தும் அவரை ஒருவரும் அண்ணன் என்று அழைத்ததில்லை. மீட்டர் பார்க்கிற மனுசனுக்கு ஊர் நியாயம் எதற்கு என்று அவருக்குத் தோன்றிற்று. பெயரில்லாத காகிதம் யாரை என்ன செய்துவிடப் போகிறது என்றும் தோன்றிற்று. இருபது நிமிடத்தில் தட்டச்சு செய்து முடித்தார். மொட்டைக் கடிதம் மேலிடத்துக்குப் போயிற்று.

விசாரணை நடந்தது. குறிப்பெடுக்க அமர்த்தப்பட்டவர் அதே கிராணி! "கூட்டம் போட்டாயா?" என்று அதிகாரி கேட்டார். "போட்டேன் துவான். குழாய்க்குப் போட்டேன்" என்றார் பத்துமலையார். பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். அதிகாரி கடிதத்தை அவரிடம் கொடுத்தார். அவர் கண்ணைச் சுருக்கி, மீட்டர் பார்ப்பது போலவே பார்த்தார். நம் அலுவலகத்துப் பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து மட்டும் எப்போதும் வரிக்கு மேலே எகிறி நிற்கும்; அந்தக் கடிதத்திலும் நின்றது. அன்றன்று போகவேண்டிய தெருக்களின் பட்டியலைத் தினமும் அந்த இயந்திரத்தில் கிராணி அடித்துத்தர வாங்கிப் பழகியவர் அவர். ஒருமுறை நிமிர்ந்து கிராணியைப் பார்த்தார். கிராணியின் பேனா நின்றது.

"யார் எழுதியது என்று தெரியுமா?"

"தெரியாது துவான். பேரு போடலியே."

மறுநாள் காலை வழக்கம்போல் வந்து பட்டியலை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் "வாரேன் ஐயா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அந்த "வாரேன் ஐயா" ஒன்பது ஆண்டுகள் தவறவில்லை. அவர் பார்த்த பார்வை தற்செயலானது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று கிராணி தம்மையே ஏமாற்றிக்கொண்டு ஒன்பது ஆண்டும் தூங்கினார். நன்றாகத் தூங்கினார் என்று சொல்ல முடியாது. போன மாதம் அந்தப் பழைய இயந்திரத்தைக் கழித்துக்கட்டி வெளியே தூக்கியபோது, பத்துமலையார் அதைத் தட்டிக்கொடுத்து, "பாவம் ஐயா, அந்த ஒரு எழுத்து கடைசி வரைக்கும் கீழ எறங்கவே இல்ல" என்றார்.

கிராணி அவரை அன்று மாலை சைக்கிள் கொட்டகையில் வழிமறித்தார். "பத்துமலை, உமக்கு அது அப்பவே தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"ஏன் ஐசே சொல்லேல்லை? உம்மட இன்ஸ்பெக்டர் வேலை போச்சுதே!"

பத்துமலையார் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சொல்லிருந்தா ஒங்க வேல போயிருக்கும். ரெண்டு பேரு வீட்டுலயும் நட்டம் எதுக்கு? குழாய் வந்துருச்சுலா ஐயா. அது போதும்."

அன்று இரவே இந்த மடலின் முதல் வரி எழுதப்பட்டது.

அண்ணே! இப்போது மறுபடியும் உங்கள் பக்கம் திரும்புகிறோம். எழுந்து போகாதீர்கள், முடிக்கப் போகிறோம். உங்களுக்கு நாங்கள் இன்ஸ்பெக்டர் பதவியைத் திருப்பித் தர முடியாது. சிவப்பு வரியை அழிக்கவும் விதியில் இடமில்லை. ஆனால் மேலதிகாரியின் அனுமதியோடு, இம்மடலின் ஒரு படியை உங்கள் கோப்பில் அந்த வரிக்கு எதிர்ப்பக்கத்தில் இன்று காலை சேர்த்துவிட்டோம். இனி அதைத் திறக்கிறவர் இரண்டையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

எந்த மீட்டரும் எண்ணி முடிக்காத நீண்ட ஆயுளும், சைக்கிள் மிதிக்கக் குறையாத காலும், மனைவி மாரியம்மா அவர்களோடு மனநிறைவும் பெற்று நீங்கள் வாழ வேண்டும்! மாலை விஷயத்தில் முன்கூட்டியே எச்சரித்து வைக்கிறோம்: முதல் மாலையைச் செல்லாயி அம்மாள் போடுவார். தலைவர்கள் இருவரும் அதற்குப் பிறகு, சேர்ந்து.

இப்படிப்பட்ட மடல்களின் அடியில் "அலுவலக ஊழியர்கள்" என்று பொதுவாகப் போட்டு முடிப்பதே நம் வழக்கம். இம்முறை அப்படிச் செய்யவில்லை. பெயரில்லாத ஒரு காகிதம் உங்களுக்குச் செய்த அநியாயம் போதும். இந்தக் காகிதத்தில் ஒவ்வொருவரும் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறோம்.

கி. மாயாண்டி, மீட்டர் வாசிப்பாளர்
சி. ராமையா, குழாய் பொருத்துநர்
சாரதாதேவி, தட்டச்சாளர்
ஏழாங்கட்டையிலிருந்து: அப்பாவு, உடையப்பன், செல்லாயி (கைநாட்டு)

இம்மடலை எழுதியவரும், இப்போது உங்கள் முன் நின்று வாசிப்பவரும், 1977-இல் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும்:

வி. ஞானசேகரம், தலைமைக் கிராணி