நடுவுல ஒரு காலி

— அப்படி இல்லம்மா, சொல்லைப் பிரிச்சுப் பார்க்கணும். தத், காலம். ரெண்டும் வடமொழி. தத்னா ‘அந்த’. அந்த நேரத்துக்கு மட்டும் உரியது தற்காலிகம். எந்த நேரம்னு அதுல சொல்லவே இல்ல, கவனிச்சியா?

— கவனிச்சேன் அத்தான். உங்க சௌகரியத்துக்குன்னே செஞ்ச சொல்லு. காலேஜ் பாடத்தைக் காலேஜோட வச்சுக்குங்க. இப்பக்கூடப் பாருங்க, கால் நகத்தை வெட்டி வெட்டித் தரையிலயே போடறீங்க. கொழுந்தியா பெருக்குவாங்கற தைரியம். ச்சீ!

— பாரும்மா, கோபப்படாதே. உங்க அக்கா போனப்ப ‘தற்காலிகமா வந்து இரு’ன்னுதானே கூப்பிட்டேன்? பொய்யா சொன்னேன்?

— கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்கு எங்க போச்சு புத்தி? எனக்குப் போச்சு. அப்ப பாப்பாவுக்குப் பல்லே முளைக்கல. இப்ப விழுந்து முளைக்குது. நான் இன்னும் பாத்ரூம் வாசல்ல, மடக்குக் கட்டில்ல. தலைமாட்டுல உங்க செருப்பு. நீங்க உள்ள காறித் துப்பற சத்தத்துலதான் எனக்குப் பொழுதே விடியுது.

— வேற இடம் எங்கம்மா இருக்கு?

— தற்காலிகத்துக்கு நடுவுல என்ன இருக்குன்னு நீங்க பார்க்கலையே. காலி! என் நர்ஸ் வேலை காலி. பேசி வச்சிருந்த மாப்பிள்ளை காலி.

— அடடா, அந்தக் காலி வேற சொல்லும்மா. அது உருது வழியா வந்தது. சொல்லப்போனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே...

— நான் அழுதாலும் நீங்க இலக்கணம்தான் பார்ப்பீங்க.

— சரி, விடு. இன்னும் கொஞ்ச நாள். நான் ரெண்டாவதா கட்டிக்கப்போறவங்க கல்யாணம் முடிஞ்சு இங்க வந்துட்டா நீ தாராளமாப் போகலாம். அவங்களுக்கு வீடு பழகற வரைக்கும் இருந்துட்டுப் போ. என் மருந்து, சட்டைக்குக் கஞ்சி, எல்லாம் நீதானே சொல்லிக் கொடுக்கணும்?

— புதுப் பொண்டாட்டிக்குப் படுக்கையும் தட்டிப் போட்டுட்டுப் போறேனே! த்தூ! கேக்கவே கொமட்டுது. பாப்பா என்ன ஆவா?

— ஹாஸ்டல்ல சேர்க்கலாம்னு இருக்கேன். வந்ததும் வராததுமா ஒரு புள்ளைன்னா அவங்களுக்கும் சங்கடம் பாரு. தற்காலிகமாத்தாம்மா.

— அந்த வார்த்தையை அவளுக்கும் போட்டாச்சா? பெத்த அப்பன்தானா நீங்க?

— என்ன பேச்சு பேசறே? எனக்கு இல்லாத அக்கறையா?

— அவளுக்கு எந்தப் பக்கம் பல்லு விழுந்துச்சு, சொல்லுங்க பாப்போம்.

— ...அதெல்லாம் இப்ப எதுக்கு? அவ எங்க? பாப்பா! ஏய் பாப்பா!

— தொண்டையைக் கிழிச்சுக்காதீங்க. கீழ வண்டியில உக்காந்திருக்கா. துணி, புத்தகம், பொம்மை எல்லாம் ஏத்தியாச்சு. சாவியைக் குடுத்துட்டுப் போகத்தான் நான் மேல வந்தேன்.

— என்னடி விளையாட்டு இது? எம் புள்ளை அவ! ஆஸ்பத்திரியில உங்க அக்கா ‘பாத்துக்கோ’ன்னுதானே உன்கிட்ட சொன்னா? கதவுக்கு வெளிய நின்னு என் காதால கேட்டேன்!

— பாதிதான் கேட்டிருக்கீங்க. ‘பாப்பாவப் பாத்துக்கோ, அவர்கிட்ட மட்டும் விட்டுடாதடி’ன்னா அக்கா. நான்தான் அசடு, இத்தனை வருஷம் உங்களையும் சேர்த்துப் பாத்துக்கிட்டேன்.