அச்சாபீஸ் காட்டிய லாபம்

— சிரிக்காதடா. இந்த நாட்டு வரி ஆபீஸ் லெட்டர் என் கையிலதான் இருக்கு. மூணு வருஷத்து மாடி வீட்டு வாடகை, அச்சாபீஸ் லாபம், எல்லாத்தையும் வருஷம் போட்டு எழுதியிருக்கான்.

— அக்கா, வீடும் இங்க இருக்கு, அச்சாபீஸும் இங்க இருக்கு. வரியும் நான் இங்க ஒழுங்கா கட்டிட்டு வரேன். அங்க இருக்கிறவனுக்கு நடுவுல என்ன வேலை?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். வெளிநாட்டு வருமானம் உண்டான்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி வரும். வருஷா வருஷம் இல்லைன்னு டிக் அடிச்சேன். நம்ம வீடு எனக்கு எப்படிடா வெளிநாடாகும்? தோணவே இல்ல.

— ஐயோ அக்கா.

— வரி ஆபீஸ்ல ஒரு அம்மா பொறுமையா சொன்னாங்க. இங்க குடியிருந்தா, எந்த ஊர்ல வர்ற பணமா இருந்தாலும் இங்க சொல்லணுமாம். நம்ம ஊர்ல காட்டற கணக்கு தானா இவங்களுக்கு வந்துருமாம். அங்க கட்டின வரிய இங்க கழிச்சுக்கலாமாம். ஆனா சொல்லாம விட்டா குத்தம்.

— மறந்துட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்கா.

— மூணு வருஷமாவா மறப்பாங்க? அடுத்த மாசம் இங்க தங்குற பர்மிட்ட புதுப்பிக்கணும். வரிக் கேஸ் இருந்தா கொடுக்க மாட்டான். பெரியவளுக்கு இந்த வருஷம் கடைசிப் பரீட்சை.

— மாமாகிட்ட சொன்னியா?

— உங்க மாமாவா? வண்டிய தப்பா நிறுத்தினதுக்கு ஃபைன் வந்தாலே ரெண்டு நாள் சோறு இறங்காது அவருக்கு. லெட்டர சட்டைக்குள்ள சொருகி வேலைக்கே எடுத்துட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல போர்வை அடுக்குக்குப் பின்னாடி நின்னு பேசறேன். சூப்பர்வைசர் வந்தா சட்டுனு வெச்சிருவேன், தப்பா எடுத்துக்காதே.

— எவ்வளவு கேக்கறான்?

— அபராதத்தோட சேத்தா என் ஒன்றரை வருஷச் சம்பளம். அதான் உன்ன கேக்கறேன். வாடகை சரியா இருக்கு. அச்சாபீஸ்லதான் இடிக்குது. அப்பா அத என் பேர்ல எழுதி வெச்சாரு, நடத்தறது நீ. மெஷின் பாதி நாள் ஓடறதில்லன்னு போன் பண்ணும்போதெல்லாம் மூக்கச் சிந்தற. இவ்வளவு லாபம் எங்கிருந்துடா வந்துச்சு?

— லெட்டர்ல வேற என்ன போட்டிருக்கான்கா?

— பேச்ச மாத்தாதே. கேட்டதுக்குச் சொல்லு.

— மாத்தலக்கா.

— எனக்குத் தெரியாம சம்பாதிச்சிருந்தா சொல்லிடு. சத்தியமா கோச்சுக்க மாட்டேன், சந்தோஷம்தான் படுவேன்.

— சம்பாத்தியமா? போன மாசம் நாலு பில் புக்கு, நூறு விசிட்டிங் கார்டு. அவ்வளவுதான். மை வாங்கறதுக்கே கையப் பிசைஞ்சேன்.

— அப்ப இந்தத் தொகை?

— நான் போட்டது. பேப்பர்ல மட்டும்.

— எதுக்கு?

— நீ கிளம்பறதுக்கு முந்தின வருஷம் ஏத்திப் போட்டேன். ஒரு தடவ ஏத்திட்டா அடுத்த வருஷம் சட்டுனு இறக்க முடியாதுக்கா, என்னாச்சுன்னு கேப்பான். அப்படியே விட்டுட்டேன். அதுக்கு வந்த வரியக்கூட என் கைக்காசுலதான் கட்டினேன்.

— என் பேர்ல எப்படிடா போட முடியும்?

— ஓடிபி உன் போனுக்குத்தானே வரும். நீதான் நம்பர் சொல்லுவே. கையெல்லாம் ஈரம், சீக்கிரம் எழுதிக்கோம்பே. எதுக்குன்னு கேட்டதே இல்ல.

— உன்ன நம்பினேன்டா. தம்பிகிட்ட எதுக்குன்னு கேப்பாங்களா?

— தெரியும்கா.

— சரி விடு. யோசிச்சா இதுவும் நல்லதுக்குத்தான். வராத லாபத்துக்கு வரி இல்ல. நாளைக்கே எழுதிக் கொடுத்துடறேன், அந்தக் கணக்கு பொய், தம்பி போட்டதுன்னு. வாடகைக்கு மட்டும் அபராதத்த கட்டிட்டு கால்ல விழறேன். அந்தம்மா நல்ல மாதிரி, விட்டுருவாங்க.

— வேண்டாம்கா. எழுதாதே.

— உன்ன பிடிச்சிருவாங்கன்னு பயமா?

— என்ன பிடிக்கட்டும். நான் போய் ஜெயில்ல உக்காந்துட்டு வரேன்.

— பின்ன என்னடா? அந்தக் கணக்கக் காட்டி பேங்க்ல கடன் வாங்கிட்டியா?

— ஒத்தப் பைசா வாங்கல. பிள்ளைங்க மேல ஆணை.

— அப்ப யாருக்குக் காட்டறதுக்கு ஏத்தினே? வாயத் தொறந்து சொல்லு.

— எங்கயாவது உக்காருக்கா முதல்ல.

— இங்க உக்கார எடமில்ல. சொல்லு.

— உன் வருமானம் பத்தாது, விசா கிடைக்காதுன்னு ஏஜென்ட் சொல்லிட்டான். அந்தப் பொய்க் கணக்கத்தான் நானும் அவனும் உன் விசா ஃபைல்ல வெச்சோம். அத நம்பித்தான் உங்க நாலு பேரையும் அந்த நாட்டுக்குள்ளயே விட்டாங்க.