ஒரு பெட்டி, ரெண்டு பேர்

...சரி, மணமக்களே, ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? போட்டோக்காரரே, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க, கண்ணு கூசுது. ஆங்... இப்பத்தான் எல்லாரும் தெரியுறீங்க.

நான் தென்காசியில வாடகைக்குக் குடியிருந்த காலம். அந்தக் காலம்னா ரொம்பப் பின்னாடி இல்ல. கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் பின்பக்கம் ஒரு பெரிய தொப்பை இருக்கும் பாருங்க... அந்தக் காலம்! சுவிட்சைப் போட்டுட்டு, தெருமுனையில டீ குடிச்சிட்டு வந்தாத்தான் திரை முழுசா வந்திருக்கும். வேலை முடிஞ்சா துணி போட்டு மூடி வைப்போம். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு. சிரிக்காதீங்க... நீங்க வைக்கலியா? அந்தச் சாரலும், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோட ‘விர்’ருங்கிற ஃபேன் சத்தமும்... இன்னிக்கும் நினைச்சா மனசு என்னமோ பண்ணுது.

கீழ் வீட்டுல ஆவுடையப்பன், அவர் சம்சாரம் உலகம்மாள். அவர் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவர். கம்ப்யூட்டரை ஓட்ட அவருக்கு விண்டோஸ் வேணும். அந்தம்மா குற்றால மலைச் செடிகளைப் பத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அவங்களுக்கு லினக்ஸ்தான் தோது. பெட்டியோ ஒண்ணுதான். என்ன செஞ்சாங்க? ஒரே ஹார்டு டிஸ்க்குல ரெண்டையும் போட்டாங்க. சுவிட்சைப் போட்டா திரையில ஒரு பட்டியல் வரும். “விண்டோஸா, லினக்ஸா... யாரு வேணும்?”னு கேக்கும். ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு, ஆனா சண்டை கிடையாது!

ஒருநாள் அந்த டிஸ்க் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிட்டு. அந்தம்மா காலேஜுக்குப் போன நேரம் பாத்து, இவர் புது டிஸ்க் ஒண்ணைக் கொண்டாந்தார். தன்னோடதையும் காப்பி பண்ணார், அந்தம்மாவோடதையும் காப்பி பண்ணார். மனுஷன் நல்லவர்! பழசை என்ன பண்ணார்? நாம என்ன பண்ணுவோம்? எக்ஸ்சேஞ்ச்! பழைய மிக்ஸியைத் தூக்கிட்டுப் போற மாதிரி, காப்பி முடிஞ்ச கையோட கடையில கொண்டுபோய்ப் போட்டுட்டார்.

வந்து சுவிட்சைப் போட்டா... கறுப்புத் திரை. பட்டியலைக் காணோம். மனுஷனுக்கு வேர்த்துட்டு. விண்டோஸ் சிடியைப் போட்டு, ‘சரி பண்ணு’ன்னார். அந்த சிடிக்குத் தன்னைத் தவிர வேற யாரையும் தெரியாது. விண்டோஸ் ஜம்முனு வந்துட்டு.

அந்தம்மா வாசப்படி ஏறுறாங்க. “ஏ உலகு! டிஸ்க் மாத்திட்டேன்... வந்துட்டு, வந்துட்டு!”

“என்னோடது?”

“உன்னோடது... போயிட்டு போலிருக்கு. விடு, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸை மட்டும் புதுசாப் போட்டுருவோம். உனக்கும் அதுலயே ஒரு ஃபோல்டர் தாரேன்.”

ஃபோல்டர் தாராராம்! நாலு வருஷ உழைப்பு. அடுத்த வாரம் ஆய்வேட்டைக் குடுக்கணும். வேற காப்பி கிடையாது. பென்டிரைவெல்லாம் அப்போ நகை மாதிரி, நம்ம வீட்டுல ஏது? அந்தம்மா அழல. “கைய எடுங்க. எதையும் அழிக்காதீங்க”ன்னாங்க. அவ்வளவுதான். சத்தம் கேட்டு நானும் மாடியில இருந்து இறங்கி வந்தேன்.

லினக்ஸ் சிடியைப் போட்டு, அதுல இருந்தே கம்ப்யூட்டரை ஓட விட்டாங்க. புது டிஸ்க்குக்குள்ள எட்டிப் பாத்தா... இருக்கு! மொத்த ஆய்வேடும் இருக்கு. ஒரு எழுத்து குறையல.

“பின்ன ஏன் வரமாட்டேங்குது?”ன்னார் ஆவுடையப்பன்.

“நீங்க நம்ம ரெண்டு பேரையும் காப்பி பண்ணீங்க. ‘யாரு வேணும்’னு கேக்குறதைக் காப்பி பண்ணல. அது டிஸ்க்கோட ஆரம்பத்துல தனியா உக்காந்திருக்கும்.”

என்னமோ நாலு வரி தட்டுனாங்க. பெட்டியை அணைச்சுட்டுத் திரும்பப் போட்டாங்க. வந்துட்டு பட்டியல்! ரெண்டு பேரும் வரிசையா நிக்காங்க.

“உங்க பத்திரிகை வேலை நின்னு போயிரும், நீங்க முதல்ல பாருங்க”ன்னாங்க அந்தம்மா. அவர் தலையை ஆட்டிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டார். “உன்னோடதைத் தொற”ன்னார். தொறந்தாங்க. ஒரு படத்துல விரலை வச்சுக் கேட்டார்... “உலகு, இது என்ன செடி?”

நாலு வருஷத்துல அந்தம்மா ஆராய்ச்சியைப் பத்தி அவர் கேட்ட முதல் கேள்வி! அப்பத்தான் அந்தம்மா அழுதாங்க.

புரியுதா மக்களே? அந்தப் பெட்டிக்குள்ள யாராவது காணாமப் போனாங்களா? ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாங்க. கேக்குறது நின்னு போச்சு... அவ்வளவுதான். அதுக்குள்ள ‘போயிட்டு, அழிச்சிடலாம்’னு கிளம்பிட்டோம். எத்தனை வீட்டுல இப்படி நடக்கு? வீடு மாறும், ஊரு மாறும், வேலை மாறும்... மாறட்டும்! மாறும்போது கேக்குறதை மட்டும் விட்டுட்டு வந்துராதீங்க. மாப்பிள்ளை, உம்மைத்தான். இப்பவே ஆரம்பியும். அந்தப் பிள்ளைகிட்டத் திரும்பி, “பசிக்குதா?”ன்னு ஒரு வார்த்தை கேளும். விடியக்காலையில மேக்கப்புக்கு உக்காந்தது... இன்னும் ஒண்ணும் சாப்பிடல.